சிங்கப்பூரில் நண்பர்களோடு ஒரு நாள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து முதல் முறையாக வெளிநாடு போகிறார்கள் என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் சிங்கப்பூர்தான். பயணத்தில் ஒரு நாள் செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பார்க்குக்கு, அதே நாள் ராத்திரி மெரினா பே. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. 'வெள்ளி' என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். விலைகள் மாறும், புறப்படும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் போக விசா வேணுமாங்க? எத்தனை நாள் முன்னாடி போடணும்?

வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்குப் போய் இறங்கி வாங்கும் விசா கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, முகவரின் கூலி தனி. விசா கிடைக்காவிட்டாலும் இந்தக் கட்டணம் திரும்பாது. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். புகைப்படம் 35 × 45 மி.மீ., வெள்ளைப் பின்னணி. மின்விசாதான் வரும், அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாட்கள் சிலவற்றில் வந்துவிடும் என்றாலும் மூன்று, நான்கு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். குழுவில் யாருக்காவது பாஸ்போர்ட்டே இல்லை என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் 3,500. போலீஸ் விசாரணைக்கு ஆள் ஊரில் இருக்க வேண்டும். பெங்களூருவில் வேலை, முகவரி பாலக்கோட்டில் என்றிருப்பவர்களுக்கு இங்கேதான் தாமதமாகிறது.

விசாவோடு வேலை முடியவில்லை. சிங்கப்பூர் வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. குழுவில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து நிரப்பலாம்.

பாஸ்போர்ட்ல என் பேரு மட்டும்தான் இருக்கு, குடும்பப் பேரு கட்டம் காலி. டிக்கெட் எப்படிப் போடறது?

நம் ஊரில் இது எல்லோருக்கும் வரும் சிக்கல். ஆதாரில் 'மா. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன்', வங்கி அட்டையில் 'முருகன் எம்' என்று மூன்று விதமாக இருக்கும். டிக்கெட், விசா, வருகை அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மட்டுமே. இனிஷியலைச் சேர்க்க வேண்டாம்.

குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட டிக்கெட் தளம் அனுமதிக்காது. சில விமான நிறுவனங்கள் அந்தக் கட்டத்தில் அதே பெயரை இன்னொரு முறை எழுதச் சொல்கின்றன. சில நிறுவனங்களுக்கு வேறு முறை. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள். ஒரே குழுவாக டிக்கெட் போடும்போது ஒருவர் எல்லோருடைய பெயரையும் நினைவிலிருந்து அடிப்பதுதான் தவறுக்குக் காரணம். பாஸ்போர்ட் முதல் பக்கப் படத்தை எதிரில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

அண்ணா, நான் பத்தாவது பாஸ் பண்ணல. பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு இருக்கு. என்னைத் தடுத்துடுவாங்களா?

மாட்டார்கள். ஈசிஆர் என்றால் வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு. அந்த அனுமதி பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மலேசியா உண்டு, அங்கேயும் வேலைக்குப் போனால்தான் அனுமதி தேவை. திரும்பும் டிக்கெட், தங்கும் விடுதி முன்பதிவு இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டலாம். இந்த ஒரு காரணத்துக்காக நண்பரை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

பெங்களூரு, சென்னை, திருச்சி, எந்த ஏர்போர்ட் நமக்கு வசதி?

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் என்றால் பெங்களூரு. ஆனால் விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் தெற்கிலிருந்து நுழைகிறோம். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியே மாலை நேரத்தில் போனால் இரண்டு மணி நேரம் நகருக்குள்ளேயே போய்விடும். அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபுரம், ஹோஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளி போனால் நகரைத் தவிர்க்கலாம். சாலை சுமார்தான், நேரத்துக்கு உத்தரவாதம் அதிகம். சர்வதேச விமானங்கள் 2-ஆம் முனையத்தில் புறப்படுகின்றன. ராத்திரி 11 மணி விமானம் என்றால் 8 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். தருமபுரியிலிருந்து பிற்பகல் 2:30-க்குக் கிளம்பினால் நிம்மதி.

தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக்காரர்கள் திருச்சியையும் பாருங்கள். தருமபுரியிலிருந்து சேலம், நாமக்கல் வழியே ஏறக்குறைய 200 கி.மீ. தூரம் கூடுதலானாலும் நகர நெரிசல் கிடையாது, நேரடி சிங்கப்பூர் விமானங்கள் உண்டு. சென்னை கிருஷ்ணகிரியிலிருந்தே 250 கி.மீ.க்கு மேல், டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும்.

நள்ளிரவு விமானத்தில் ஒரு கண்ணி உண்டு. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:30 என்று இருந்தால் 14-ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

காலைல இறங்கின உடனே நேரா பார்க்குக்குப் போயிடலாமா? ஒரு நாள் ரூம் காசு மிச்சமாகுமே?

வேண்டாம். நான்கரை மணி நேரப் பயணம், அதற்குமுன் ஐந்து மணி நேரச் சாலை, சிங்கப்பூர் நேரம் நம்மைவிட 2:30 மணி முன்னால். தூங்காத உடம்போடு ரோலர் கோஸ்டரில் ஏறினால் தலைசுற்றலும் வாந்தியும் வரும். நுழைவுச்சீட்டு மட்டுமே ஒருவருக்கு 80 வெள்ளிக்கு மேல். அந்தப் பணத்தை அரைத் தூக்கத்தில் செலவழிப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இறங்கிய அன்று பையை லிட்டில் இந்தியாவில் எடுத்த விடுதியில் வைத்துவிட்டு அந்தப் பகுதியைச் சுற்றிப் பாருங்கள். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும், பையை மட்டும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் நடக்கும் தூரத்தில். மறுநாள் பார்க். முடிந்தால் செவ்வாய் முதல் வியாழனுக்குள் வையுங்கள்; ஜூன் மாதமும் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையும் அங்கே பள்ளி விடுமுறை, கூட்டம் அதிகம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சில நாட்களில் ஹாலோவீன் இரவு நிகழ்ச்சிக்காகப் பகல் பார்க்கை முன்கூட்டியே மூடுவார்கள், அதற்கு டிக்கெட் தனி. தேதியைப் பார்க் தளத்தில் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

லிட்டில் இந்தியாவுல இருந்து யுனிவர்சல் எப்படிப் போறது? டாக்ஸி பிடிக்கணுமா?

டாக்ஸி தேவையில்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் ஊதா நிற வடகிழக்குப் பாதையில் ஏறுங்கள். மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்டில் இறங்குங்கள். கால் மணி நேரம் ஆகும். அதன் மேலேயே விவோசிட்டி என்ற பெரிய வணிக வளாகம். அதன் 3-ஆம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில். தீவுக்குள் நுழைய 4 வெள்ளி, திரும்பி வரக் கட்டணம் இல்லை. முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்கினால் சுழலும் உலக உருண்டை கண்ணில் படும். அந்தப் பக்கத்தில்தான் வாசல்.

மோனோரயிலில் நீண்ட வரிசை இருந்தால் விவோசிட்டி பக்கத்திலிருந்து கடல்மேல் போட்ட நடைபாலம் உண்டு. நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம், நுழைவு இலவசம். காலையில் இது நல்ல யோசனை, மாலையில் கால் கேட்காது.

ஒரே கார்டைத் தட்டி நாங்க அஞ்சு பேரும் ரயில்ல போலாமா?

முடியாது. ஒரு பயணிக்கு ஒரு அட்டை. வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்ட, தொடாமல் தட்டும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை நேராக வாயிலில் தட்டலாம். இந்திய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும்படி வரும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் தட்டும் வசதியையும் நீங்களே இயக்க வேண்டும், கிளம்பும் முன்பே.

நுழையும்போது எதைத் தட்டினீர்களோ அதையேதான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். போனில் தட்டி நுழைந்து பிளாஸ்டிக் அட்டையைத் தட்டி வெளியேறினால், கணக்கு ஒன்றாக இருந்தாலும் இரண்டு முடியாத பயணமாகக் கணக்காகி அதிகப் பணம் பிடிக்கும். அட்டை இல்லாதவருக்குச் சுற்றுலாப் பயணி அட்டை 1, 2, 3 நாளுக்குக் கிடைக்கிறது.

பார்க்குக்குள்ள போனதும் எதுல முதல்ல ஏறணும்?

இதற்குத்தான் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் நாள் முழுதும் அடங்கியிருக்கிறது. பார்க் நடுவில் ஒரு ஏரி, சுற்றிலும் பகுதிகள். வாசலில் ஹாலிவுட். பிறகு நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே, 2025-இல் திறந்த மினியன் லேண்ட். திறக்கும் நேரம் வழக்கமாகக் காலை 10. நீங்கள் 9:30-க்கு வாசலில் நிற்க வேண்டும். உருண்டை முன் போட்டோவுக்கு அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டால் உங்களைத் தாண்டி நூறு பேர் போய்விடுவார்கள். போட்டோவை மாலையில் எடுங்கள், வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

கதவு திறந்ததும் ஹாலிவுட் கடைகளில் நிற்காமல் சை-ஃபை சிட்டிக்குப் போங்கள். அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியும் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா இரட்டை கோஸ்டரும் இருக்கின்றன. இரட்டையில் 'ஹ்யூமன்' என்பது சிவப்பு, உட்கார்ந்து போவது. 'சைலான்' தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்கப் போவது, தலைகீழாகச் சுற்றும். இதற்கு 125 செ.மீ. உயரம் வேண்டும். அடுத்தது எகிப்தில் மம்மி கோஸ்டர், 122 செ.மீ. மூன்றும் முடித்துவிட்டால் மற்றவை நிதானமாகப் பார்க்கலாம்.

லாஸ்ட் வேர்ல்டில் உள்ள ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ் வட்டமான படகில் ஆற்றோடு போவது. ஒகேனக்கலில் பரிசலில் போனவர்களுக்கு உட்காரும் விதம் பழக்கமானது, ஆனால் இங்கே கடைசி இறக்கத்தில் தொடைவரை நனைவது நிச்சயம். ஜீன்ஸ் போட்டுப் போனால் மாலைவரை காயாது. அரைக்கால் சட்டை, பட்டை வைத்த செருப்பு, போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, மாற்று பனியன் ஒன்று. பிற்பகல் வெயிலில் ஏறுங்கள். வாட்டர்வேர்ல்டு நேரடிக் காட்சியின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து, அதைச் சுற்றித் திட்டம் போடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் அங்கேயும் நனைவீர்கள்.

எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா? விலை ரொம்ப இருக்கே?

நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரிகளில் ஏறக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது இது. வார நாளில், மேலே சொன்னபடி 9:30-க்கு நின்றால் தேவையில்லை. வார இறுதி, விடுமுறை நாள் என்றால் யோசிக்கலாம். விலை நாளுக்கு நாள் மாறும்.

காசில்லாத வழி ஒன்று உண்டு. சில சவாரிகளில் தனி ஆள் வரிசை இருக்கிறது. காலி இருக்கையை நிரப்ப ஒருவர் ஒருவராக எடுப்பார்கள். நண்பர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. ஒரு முறை சேர்ந்து போய்விட்டு, இரண்டாம் முறைக்கு இந்த வரிசையைப் பயன்படுத்துங்கள்.

எனக்கு உயரம்னா பயம். பசங்க கேலி பண்ணுவாங்க. என்ன பண்றது?

பயப்படுகிறவரை இழுத்துக்கொண்டு போய் ஏற்றாதீர்கள், இதைக் குழுவில் எல்லோரும் படியுங்கள். ஏறுவதற்கு முன் ஊழியரிடம் சொன்னால் விலகிக்கொள்ள விடுவார்கள். ரத்த அழுத்தம், முதுகெலும்புச் சிக்கல், இதயப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் ஏறவே வேண்டாம்.

படிப்படியாகப் பழக விரும்பினால் லாஸ்ட் வேர்ல்டின் கேனபி ஃப்ளையரில் தொடங்கலாம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் உண்மையில் உயரத்துக்குப் போவதில்லை. வண்டி ஆடும், திரையில் முப்பரிமாணப் படம் ஓடும். குமட்டினால் கண்ணை மூடுங்கள், பாதிக்குமேல் குறையும். மம்மி இருட்டில் ஓடுவது, நடுவில் பின்பக்கமாகவும் போகும், ஆனால் தலைகீழ் கிடையாது. வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் இதில் எதிலும் ஏற வேண்டாம்.

மழை பெஞ்சா பணம் திரும்பத் தருவாங்களா?

தரமாட்டார்கள். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் எல்லா மாதமும் மழை உண்டு. மின்னல் இருந்தால் திறந்தவெளிச் சவாரிகள் நிற்கும், விட்டதும் மறுபடி ஓடும். அந்த நேரத்தில் கூரைக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மிக்குப் போங்கள். எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள், அதனால் வானம் கறுக்கும்போதே நகருங்கள்.

நான் சுத்த சைவம். பார்க்குக்குள்ள பட்டினியா?

பட்டினி இல்லை, தேர்வு குறைவு, விலை அதிகம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். காலையில் சிராங்கூன் சாலையில் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். 1947-இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் அங்கேதான். பார்க்கில் 'வெஜிடபிள்' என்று மட்டும் கேட்டால் முட்டையும் சிப்பிச் சாறும் வரலாம். முட்டை, மீன் சாறு, சிப்பிச் சாறு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், காலிப் பாட்டில் போதும்.

எதெல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாது?

தயவுசெய்து இதை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். ஹான்ஸ் போன்ற வாயில் வைக்கும் புகையிலை, குட்கா, மின்சிகரெட் மூன்றும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் ஆனாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சூயிங்கம் 1992-இலிருந்து கொண்டுவரத் தடை.

யாரும் எதிர்பார்க்காதது கசகசா. அங்கே அது போதைப்பொருள் பிரிவின் தடைப்பட்டியலில் இருக்கிறது. உறவினருக்காக அம்மா கொடுத்தனுப்பும் குருமாப் பொடியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு முன் அனுமதி வேண்டும். மற்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு அட்டையிலேயே வையுங்கள். அடுத்தவர் பொட்டலத்தை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். போதைப்பொருளுக்கு அங்கே மரண தண்டனை வரை உண்டு.

பவர்பேங்க் கைப்பையில் மட்டும். சார்ஜருக்கு மூன்று தட்டைக் கால் கொண்ட மாற்றுச் செருகி வேண்டும்.

ஜிபே, போன்பே அங்க வேலை செய்யுமா?

அதை நம்பிப் போக வேண்டாம். அட்டையும் ஆளுக்குச் சிறிது வெள்ளி நோட்டும் வைத்திருங்கள். 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டு கொண்டுபோகலாம்; லிட்டில் இந்தியாவில் முஸ்தபா சென்டர் கடை பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். வங்கி ஓடிபி வர இந்திய சிம்மில் ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் அங்கத்திய சிம் போட்டுவிட்டு, பணம் கட்டும் இடத்தில் ஓடிபி வராமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

பார்க் முடிச்சுட்டு அன்னைக்கே மெர்லயனும் லைட் ஷோவும் பார்க்க முடியுமா?

முடியும், 5:30-க்குப் பார்க்கை விட்டு வெளியே வந்தால். ஹார்பர்ஃபிரண்டில் ஊதாப் பாதையில் ஏறி சைனாடவுனில் இறங்கி, நீலப் பாதைக்கு மாறி பேஃபிரண்டுக்குப் போங்கள். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் சூப்பர்மரங்களின் (மர வடிவக் கோபுரங்கள்) ஒளி ஒலிக் காட்சி 7:45-க்கும் 8:45-க்கும், இலவசம். தரையில் படுத்துப் பார்ப்பதுதான் நல்ல கோணம். துண்டு ஒன்று விரித்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க நடந்த முதுகுக்கு இதமாக இருக்கும். 7:45 காட்சி முடிந்ததும் பாலம் வழியாக மெரினா பே சாண்ட்ஸ் விடுதி வளாகத்துக்குள் நடந்து நீர்முகப்புக்கு வந்தால் 9 மணிக்கு நீர்க்காட்சி, அதுவும் இலவசம். பிறகு விரிகுடாவைச் சுற்றி மெர்லயன் (சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிலை) வரை நடக்கலாம்.

கார்டன்ஸில் உள்ள மேகக் காடு (கிளவுட் ஃபாரஸ்ட்), பூக்கூடம் (ஃபிளவர் டோம்), சாண்ட்ஸ் விடுதியின் கூரை எல்லாவற்றுக்கும் டிக்கெட் உண்டு. பார்க் போன நாளில் அதையெல்லாம் சேர்க்காதீர்கள், எதையும் ரசிக்க முடியாது.

நாங்க நாலு பொண்ணுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ரயில்ல வர்றது சரியா, வீட்ல கேக்கறாங்க?

சரிதான். பேஃபிரண்டிலிருந்து நீலப் பாதையில் மாறாமல் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ரயில் நள்ளிரவு நெருங்கும்வரை ஓடும், 11 மணிக்குள் ஏறிவிடுங்கள். அறிவிப்புகளில் தமிழும் இருக்கும். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. வீட்டுக்கு விடுதியின் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ரூம் பக்கத்துல ரோட்டோரம் உட்கார்ந்து பீர் குடிக்கலாமா?

கூடாது. இரவு 10:30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பது நாடு முழுக்கத் தடை. லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுத் தடை. எம்ஆர்டிக்குள் தண்ணீர் குடித்தாலே 500 வெள்ளி வரை அபராதம்.

ஒருத்தனுக்கு மட்டும் விசா வரலைன்னா என்ன செய்யறது?

மறுபடி விண்ணப்பிக்கலாம், கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் விசா, பிறகு பார்க் டிக்கெட். தேதி குறித்து வாங்கிய பார்க் டிக்கெட்டைத் திருப்ப முடியாது. விடுதியை இலவசமாக ரத்து செய்யும் வகையில் எடுங்கள். விமானத்தில் எல்லோரையும் ஒரே முன்பதிவு எண்ணில் போட்டிருந்தால், ஒருவரை மட்டும் பிரித்து ரத்து செய்ய நிறுவனத்தை அழைக்க வேண்டியிருக்கும். விசா பெயர் தவறால் சிக்கியிருந்தால் இரண்டாவது பதிலைப் பார்த்து முதலில் அதைத் திருத்துங்கள். அடுத்த விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.